பொங்கல் சோறும் பெருவயிறும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, விலங்கியல் துறை)

'மாடு' என்னும் சொல்லுக்குச் 'செல்வம்' என்றொரு பொருள் தமிழில் உண்டு. ஒருவன் வீட்டு மாடுகளை எண்ணியே அவன் வளத்தை அளந்தறிந்த காலம் ஒன்று இருந்தது. இன்றும் எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் அமருமுன் கொட்டகைப் பக்கம் ஒரு முறை கண்ணை ஓட்டாமல் இருப்பதில்லை. திமிலுடைய மாடு இத்துணைக் கண்டத்தில் மனிதனோடு வாழத் தொடங்கி ஏறத்தாழ 8000 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலம் ஒரே கூரையின் நிழலில் வாழ்ந்த பின்னும், அந்த உயிரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிந்திருக்கிறோமா? அறியாமல் செலுத்தும் அன்பு அதற்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? இக்கட்டுரை இவ்விரு வினாக்களையும் ஆராய முற்படுகிறது. இதை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பு. ஆதலின் முதலில் அதனைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டுத் தை மாதம்

என் பெற்றோர் இருவரும் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எங்களிடம் இருந்த ஒரே சொத்து, மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் பெற்று வாங்கிய ஒரு ஜெர்சி கலப்பினப் பசு. லட்சுமி என்று பெயரிட்டிருந்தோம். காலையில் நான்கு லிட்டர், மாலையில் மூன்று லிட்டர் என்று கறந்து கொண்டிருந்தது. சங்கத்தில் பால் ஊற்றிப் பெற்ற பணத்தில்தான் கடன் தவணையும் போயிற்று. என் கல்லூரிக் கட்டணமும், செய்முறை ஏடும், ஆய்வகத்திற்கு வேண்டிய வெள்ளை மேலங்கியும் வந்தன.

சென்ற ஆண்டு மாட்டுப் பொங்கல் அன்று லட்சுமியைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கழுத்தில் மாலை சூட்டினோம். வாசலில் பொங்கிய பொங்கலை வாழையிலையில் வைத்து ஊட்டினோம். அதோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இருந்திராது. ஈன்று பத்து வாரமே ஆன பசு என்பதால் தெருவில் எல்லோருக்கும் அதன்மேல் பிரியம். அடுத்த வீட்டுப் பெரியம்மா ஓர் இலைப் பொங்கல் கொண்டு வந்தார். எதிர் வீட்டு அத்தை ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார். இப்படி ஐந்தாறு வீட்டுப் பொங்கல் அதன் வயிற்றுக்குள் போயிற்று. இரவு, பானையில் மிஞ்சிய சோறு முழுவதையும் ஒரு வாளியில் கரைத்து வைத்தவள் நான்தான். "நல்லா சாப்பிடட்டும், நாளும் கிழமையுமா இருக்கு" என்று சொல்லியபடியே வைத்தேன். வாளி காலியாகும் வரை பக்கத்தில் நின்று அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்துக் கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை லட்சுமி வைக்கோலை முகர்ந்தும் பார்க்கவில்லை. அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தபடி, பின்னங்காலால் வயிற்றை உதைத்துக் கொண்டு நின்றது. ஊரே வந்து பார்த்த பசு, கண்ணேறு பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். யாரோ சொன்ன கஷாயத்தை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினோம். நண்பகலில் புளித்த நாற்றத்துடன் கழிச்சல் கண்டது. கண்கள் குழி விழுந்தன. நடக்கையில் கால்கள் பின்னின. பிற்பகலில் படுத்துவிட்டது. அதன் பிறகே கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்பினோம். அவர் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். வந்தவர் முதலில் கேட்ட வினா இதுதான்: "நேத்து என்னம்மா குடுத்தீங்க? எத்தனை மணிக்கு?"

நான் சொன்னேன். அவர் கணக்குப் பார்த்தார். முதல் இலையிலிருந்து ஏறத்தாழ முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. நரம்பில் மருந்து ஏற்றினார்; இரவும் வந்து பார்த்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் லட்சுமி இறந்துவிட்டது. தோட்டத்தின் பின்புறம் குழி வெட்டிப் புதைத்தோம். கடனில் பதினொரு தவணைகள் பாக்கி இருந்தன.

புதைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நீ படிக்கிற படிப்புல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. ஏனெனில், சொல்லித் தந்திருந்தார்கள்.

ஒரு துளி நீரில் ஓர் உலகம்

முதற்பருவத்தில் ஒரு செல் உயிரிகளைப் பற்றிப் பயின்றபோது, எங்கள் விரிவுரையாளர் இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டின் வயிற்று நீரைச் சிறிது வாங்கி வந்து, சூடு ஆறுமுன் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் இட்டு நுண்ணோக்கியில் காட்டினார். சந்தை நாளில் பேருந்து நிலையத்தில் கூட்டம் நெருக்குவதைப் போல, குறு இழைகள் கொண்ட உயிரிகள் அங்குமிங்கும் ஓடிக் கொண்டிருந்தன. இவற்றை 1843ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர்கள் குரூபி, டெலஃபோன் என்னும் இரு அறிஞர்கள். ஒரு மில்லிலிட்டர் வயிற்று நீரில் இவை இலட்சக் கணக்கில் வாழ்கின்றன. பாக்டீரியாக்களோ ஆயிரம் கோடி அளவில் உள்ளன. 'கூட்டுயிர் வாழ்க்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு' என்று இதனை உள்தேர்வில் எழுதினேன். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் பெற்றேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கூட்டுயிர்களை என் கையாலேயே கொன்றேன்.

தேர்வுத் தாளில் இருந்த மாடும் எங்கள் கொட்டகையில் நின்ற மாடும் ஒன்றே என்று எனக்குத் தோன்றாமற் போயிற்று. அந்தத் தவற்றை ஓரளவேனும் திருத்திக் கொள்வதற்காக, பின்னர் மருத்துவரிடமும் விரிவுரையாளரிடமும் கேட்டும் நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

நான்கு அறைகள்

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதலாவது பெருவயிறு. வளர்ந்த பசுவில் இது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். வயிற்றின் இடப்புறம் முழுவதையும் நிரப்பிக் கொண்டிருக்கும். இரண்டாவது, தேன்கூடு போன்ற உட்சுவரைக் கொண்ட வலை வயிறு. மூன்றாவது, புத்தக ஏடுகளைப் போன்ற மடிப்புகளை உடையது. நான்காவதே நம்முடைய இரைப்பையைப் போன்று செரிமான நீர் சுரக்கும் உண்மையான இரைப்பை.

புல்லிலும் வைக்கோலிலும் உள்ள செல்லுலோஸைச் செரிக்கத்தக்க நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவை பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே. அவை நாரைப் புளிக்க வைத்து எளிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. மாடு தனக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை அந்த அமிலங்களிலிருந்தே பெறுகிறது. பின்னர் நுண்ணுயிர்களே அடுத்தடுத்த அறைகளுக்குச் சென்று செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. சுருங்கச் சொன்னால், நாம் வைக்கும் தீவனம் மாட்டுக்குப் போவதற்கு முன் அதன் வயிற்றில் வாழும் குடிமக்களுக்குப் போகிறது. அவர்களுக்கு ஒத்துக் கொள்வதே மாட்டுக்கும் ஒத்துக் கொள்ளும்.

இந்தக் குடிமக்கள் நலமாக வாழ, பெருவயிற்றின் அமில கார நிலை ஏறத்தாழ 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். அதைக் காப்பது உமிழ்நீர். மாடு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடுகிறது. ஒவ்வொரு கவளத்தையும் ஐம்பது முறை அளவுக்கு மெல்லுகிறது. அவ்வாறு மெல்லும்போது நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவுக்கு உமிழ்நீர் சுரக்கிறது. அதில் உள்ள பைகார்பனேட், அதாவது நம் வீட்டு ஆப்ப சோடாவில் உள்ள அதே பொருள், அமிலத்தைச் சமன் செய்துகொண்டே இருக்கிறது. மாடு நிழலில் படுத்துச் சும்மா அசை போடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தனக்கு வேண்டிய மருந்தைத் தானே தயாரித்துக் கொண்டிருக்கிறது.

சோறு நஞ்சாவது எவ்வாறு?

இரவில் சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் அது புளித்திருப்பதை நாம் அறிவோம். ஆட்டிய மாவு மறுநாள் பொங்கிப் புளிப்பதும் அப்படித்தான். வெயில் காலத்தில் இன்னும் விரைவாகப் புளிக்கும். மாட்டின் பெருவயிறோ எந்நாளும் ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் ஒரு பெரும் பானை. அதனுள் வெந்த சோறும் வெல்லமும் பழமும் திடீரெனக் குவிந்தால் என்ன ஆகும்?

நார் மெல்லப் புளிக்கும். வெந்த மாவுப் பொருளும் சர்க்கரையும் மிக விரைவாகப் புளிக்கும். அவற்றை உண்டு கொழிக்கும் ஸ்டிரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பன்மடங்காகப் பெருகி லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அமில கார நிலை 6இலிருந்து 5ஆக இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். இந்நிலையில், நான் நுண்ணோக்கியில் கண்ட குறு இழை உயிரிகளும் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களும் மடிகின்றன. அமிலத்தைத் தாங்கும் லாக்டோபாசில்லஸ் மட்டும் எஞ்சி நின்று மேலும் அமிலத்தைச் சேர்க்கிறது.

பெருவயிற்றின் அசைவு நிற்கிறது. அசை போடுவது நின்றால் உமிழ்நீர் குறைகிறது. காக்க வந்த மருந்தும் இல்லாமற் போகிறது. வயிற்றில் செறிந்த கரைசல், இரத்தத்திலிருந்து நீரை உள்ளே இழுக்கிறது. வயிற்றில் நீர் தளும்ப, உடலோ வற்றுகிறது. கண்கள் குழி விழுவது இதனாலேயே. அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. மாடு தள்ளாடி விழுகிறது. கடுமையான நிலையில் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உயிர் பிரிகிறது. இதனைப் பெருவயிற்று அமில நோய் என்பர். திருமண வீட்டில் மிஞ்சிய சோறு, கோயில் விழாவில் எஞ்சிய அன்னம், மூட்டையை அவிழ்த்துத் தின்ற அரிசியோ மாவோ, எதனாலும் இது நேரலாம். ஆட்டுக்கும் நேரலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழியை நாம் நமக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

ஒரு பிடி பொங்கலால் எந்த மாடும் சாவதில்லை. ஐந்தாறு வீட்டுப் பொங்கல் ஒரே நாளில் ஒரே வயிற்றில் கூடியதே எங்கள் வீட்டுத் தவறு. தீவனத்தை மாற்றுவதானால் பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இரண்டு வார காலத்தில் மாற்ற வேண்டும். வயிற்றுக் குடிமக்கள் புதிய உணவுக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும்.

கண்டறியும் வழிகள்

நோயைக் கண்டறிய முதலில் நலத்தைக் கண்டறியத் தெரிந்திருக்க வேண்டும். செலவில்லாத நான்கு சோதனைகளைக் குறிப்பிடுகிறேன்.

1. இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே கை முட்டியை அழுத்தி வைத்தால், நலமான மாட்டில் இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ மூன்று முறை உள்ளிருந்து வயிறு கையைத் தள்ளும். தள்ளவில்லையெனில் பெருவயிறு வேலை நிறுத்தம் செய்திருக்கிறது என்று கொள்ளலாம்.

2. படுத்து இளைப்பாறும்போது அசை போடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வேளை அசை போடாவிட்டாலும் கவனத்துக்கு உரியது.

3. மூக்கின் நுனி ஈரமாக இருக்கிறதா, சாணம் வழக்கம்போல் விழுகிறதா என்று காண வேண்டும்.

4. உடல் வெப்பம் ஏறத்தாழ 101.5 பாகை ஃபாரன்ஹீட் இருப்பது இயல்பு. ஒரு வெப்பமானி வீட்டில் இருந்தால் போதும்.

வயிறு வீங்குவதெல்லாம் ஒரே நோயன்று என்பதையும் அறிய வேண்டும். இளம்பயறு வகைத் தழைகளை ஈரத்தோடு மிகுதியாக மேய்ந்தால் நுரை கட்டி வாயு வெளியேறாமல் இடப்பக்கம் பந்துபோல் உப்பும். தட்டினால் மேளம்போல் ஒலிக்கும். அமில நோயிலோ வயிறு நீர் நிறைந்த தோற்பை போலத் தளும்பும். முன்னதில் நுரையை உடைக்க எண்ணெய் உதவும். பின்னதில் அதனால் பயனில்லை. வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் உண்டாகும் சயனைடு நஞ்சு மூன்றாம் வகை. அது சில நிமிடங்களிலேயே ஆளை வீழ்த்தும். மூன்றுக்கும் ஒரே கஷாயம் என்பது பொருந்தாது.

வலை வயிற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாவால் வளைத்து இழுத்து, முழுமையாக மெல்லாமல் விழுங்கும் பழக்கமுடையது. ஆகவே வைக்கோலில் கிடக்கும் ஆணியும் கம்பித் துண்டும் தெரியாமல் உள்ளே போய்விடும். அவை தங்குமிடம் வலை வயிறு. அதற்கு முன்னால் உதரவிதானம், அதையொட்டி இதயம். வயிறு சுருங்கும்போது ஆணி முன்னோக்கிக் குத்தி இதய உறையையே துளைத்துவிடக் கூடும். நாம் கொட்டகையருகே எறியும் ஓர் ஆணிக்கும் பசுவின் இதயத்துக்கும் இடையே ஒரு சாண் தொலைவுகூட இல்லை.

செய்யத் தக்கன, தகாதன

மாடு அளவுக்கு மீறிச் சோறோ தானியமோ தின்றுவிட்டது தெரிந்தால், நோய்க்குறி தோன்றும் வரை காத்திருக்கலாகாது. எஞ்சிய தீவனத்தை உடனே அகற்ற வேண்டும். கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொடுப்பது பயன் தரும். ஆயினும் மாட்டின் எடைக்கும் நிலைக்கும் தக்க அளவை மருத்துவரிடம் தொலைபேசியிலேனும் கேட்டறிந்து கொடுப்பதே முறை.

படுத்துவிட்ட மாட்டின் தலையை உயர்த்தி, நாக்கை இழுத்துப் பிடித்துக் கொண்டு எதையும் ஊற்றலாகாது. நாக்கைப் பிடித்தால் விழுங்க இயலாது. ஊற்றியது மூச்சுக் குழாய் வழியே நுரையீரலுக்குப் போகும். லட்சுமிக்குக் கஷாயம் ஊற்றியபோது நாக்கை இழுத்துப் பிடித்திருந்தவர் என் அப்பா. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வெகு நாளாயிற்று. கேட்டுவிட்டு, "எங்க அப்பன் அப்படித்தான் புடிச்சாரு" என்று மட்டும் சொன்னார். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவற்றுள் காக்கத் தக்கவையும் உண்டு. கைவிடத் தக்கவையும் உண்டு. பிரித்தறியும் பொறுப்பு படிக்க வந்த நம்மைச் சேர்ந்தது.

எஞ்சிய கன்று

லட்சுமி விட்டுச் சென்றது பத்து வாரக் கிடேரிக் கன்று. அது பிழைத்ததற்கும் காரணம் உண்டு. பிறந்த கன்றுக்குப் பெருவயிறு வளர்ந்திருப்பதில்லை. அது ஊட்டும் பால், ஒரு மடிப்பு வழியாக நேரே நான்காம் அறைக்குச் சென்றுவிடும். புல்லும் தீவனமும் சிறிது சிறிதாகத் தின்னத் தின்ன, நுண்ணுயிர்கள் குடியேறி, மூன்று மாத அளவில் பெருவயிறு வேலை செய்யத் தொடங்கும். எங்கள் கன்று ஏற்கெனவே புல் கடிக்கப் பழகியிருந்தது. பெரியம்மா வீட்டுப் பசுவின் பாலை மேலும் சில வாரம் விலைக்கு வாங்கி ஊட்டினோம்.

அதைவிட முக்கியமான காரணம் சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவறையிலேயே கிடைத்துவிடும். கன்றுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. சீம்பாலின் வழியாகவே அது பெற வேண்டும். அவற்றை உட்கொள்ளும் ஆற்றல் கன்றின் குடலுக்கு முதல் 24 மணி நேரமே உண்டு. மணிக்கு மணி குறைந்துகொண்டும் வரும். எனவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டும், முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலும் கிடைக்க வேண்டும். எங்கள் பக்கத்திலோ நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை ஊட்ட விடலாகாது என்பார்கள். சீம்பாலைக் காய்ச்சித் தெருவெங்கும் பகிர்வார்கள். லட்சுமி ஈன்ற அன்று அம்மா வேலைக்குப் போயிருந்தார். பொழுது சாய்ந்து வந்து பார்ப்பதற்குள் கன்று தானே எழுந்து ஊட்டிவிட்டது. அன்று தடுக்க ஆளில்லாமற் போனதே அதன் நற்பேறு.

ஐந்து உரிமைகள்

வீட்டு விலங்குகளைப் பேணுவதற்கு ஓர் அளவுகோல் உண்டா? 1964இல் ரூத் ஹாரிசன் என்னும் அம்மையார் பிரிட்டனில் பண்ணை விலங்குகள் அடைபட்டு வாழும் நிலையை நூலாக எழுதினார். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாகப் பிராம்பெல் என்பவர் தலைமையில் அமைந்த குழு 1965இல் அறிக்கை அளித்தது. அதிலிருந்து வளர்ந்து 1979இல் வடிவு பெற்றவை 'ஐந்து உரிமைகள்'. பசி தாகத்திலிருந்து விடுதலை, வசதிக் குறைவிலிருந்து விடுதலை, வலி, காயம், நோயிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்கு இடம், அச்சத்திலிருந்து விடுதலை.

இவற்றை எங்கள் கொட்டகையில் பொருத்திப் பார்த்தேன். பால் மாடு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் வரை நீர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். நாங்கள் காலையும் மாலையும் மட்டுமே தண்ணீர் காட்டி வந்தோம். கயிறு, திரும்பிப் படுக்க இயலாத அளவுக்குக் குட்டையாக இருந்தது. அச்சத்தைப் பற்றி ஒன்று: மாட்டின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை, ஏறக்குறைய சுற்றிலும் காணும், நேர் பின்புறம் மட்டும் காணாது. அங்கிருந்து ஓசையின்றிப் போய்த் தொட்டால் மிரளும். மிரண்ட மாட்டின் உடலில் அட்ரினலின் சுரந்து, பால் இறங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடும். 'மாடு பாலை அடக்குது' என்று அடிக்கிறவர்கள், அடக்குவதற்குக் காரணமே அந்த அடிதான் என்பதை அறிவதில்லை.

உயிரினங்களிடம் கருணை காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976இல் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அக்கருணைக்கு அறிவு துணை நின்றால் எவ்வளவு பெரிய காரியம் கைகூடும் என்பதற்குச் சான்று வெக்கை நோய். ஊர் ஊராகக் கொட்டகைகளைக் காலி செய்த கொள்ளை நோய் அது. என் பாட்டி இன்றும் அதன் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். 1954இல் இந்தியா தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. 1995க்குப் பின் இங்கே அந்நோய் தோன்றவில்லை. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதன் முற்றிலும் ஒழித்த நோய்கள் இரண்டே; ஒன்று பெரியம்மை, மற்றொன்று மாட்டின் வெக்கை.

முடிவுரை

இவ்வாண்டு பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாக, மேற்சொன்னவற்றுள் முக்கியமானவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பால் சங்கச் சுவரில் ஒட்டினேன். செயலாளர் தடை சொல்லவில்லை. சிலர் படித்தார்கள், சிலர் சிரித்தார்கள். பொங்கல் கழிந்த மறுவாரம், தெருக்கோடி வீட்டுத் தாத்தா ஒரு விடியற்காலையில் வந்து, ஆடு கட்டை அறுத்துக் கொண்டு அரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டது என்றார். "அந்தத் தாளுல போட்டிருந்தியே பாப்பா, அதான் ஓடியாந்தேன்" என்றார். ஆடு அப்போது நலமாகத்தான் நின்றிருந்தது. உடனே 1962க்குச் சொன்னோம். மருத்துவர் சொன்னபடி செய்தோம். ஆடு பிழைத்தது. நான் அதைக் காப்பாற்றியதாகச் சொல்ல மாட்டேன். முப்பது மணி நேரத்தில் வந்த செய்தி இம்முறை ஒரு மணி நேரத்தில் வந்தது, அவ்வளவே.

அந்தப் பதினொரு தவணைகளையும் அம்மா களை பறித்தும் நாற்று நட்டும் கட்டி முடித்துவிட்டார். கிடேரி வளர்ந்து நிற்கிறது. இவ்வாண்டு மாட்டுப் பொங்கலன்று அதன் கொம்புக்கும் வண்ணம் பூசினோம். அம்மா வாழையிலையில் ஒரு பிடிப் பொங்கல் மட்டும் வைத்து ஊட்டிவிட்டு, ஒரு கட்டுப் பசும்புல்லை முன்னால் போட்டார். அடுத்த வீட்டுப் பெரியம்மா இலையோடு வந்தபோது, "அதுக்கு வேணாங்க்கா, வயித்துக்கு ஆவாது. நம்ம பொண்ணு படிச்சுட்டு வந்து சொல்லுது" என்றார். ஓராண்டுக்கு முன் திண்ணையில் கேட்ட வினாவுக்கு அம்மாவே விடை சொல்லிக் கொண்டதாக எனக்குத் தோன்றிற்று.

மாணவத் தோழர்களே! நம்மில் பலரும் ஆடும் மாடும் கோழியும் நாயும் உள்ள வீடுகளிலிருந்து வருகிறவர்கள். வகுப்பில் வரையும் படங்களை மாலையில் வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். கொட்டகைக்குப் போய், இடப்பக்கப் பள்ளத்தில் கை வைத்து, அந்த வயிறு நம் கையைத் தள்ளுகிறதா என்று இரண்டு நிமிடம் நின்று பார்ப்போம். நம்மை நம்பி வாழும் அந்த வாயில்லா உயிர்கள்பால் கொண்ட அன்பை, அறிந்து செலுத்தும் அன்பாக ஆக்குவோமாக!